தூறல் மேல் போட்ட பழி

"ஒரே ஒரு காரணம் சொல்லுங்கம்மா. அது போதும். நான் போயிடறேன்."

வந்து நின்றதும் அம்பலவாணன் கேட்டது இதுதான். தோளில் தொங்கிய பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

குமுதவல்லி உப்புப் பாத்திக்குள் நின்றிருந்தார். சேலையைத் தூக்கிச் செருகியிருந்தார். கையில் உப்பு வாரும் பலகை. நிமிர்ந்து பார்த்தார்.

"எதுக்குக் காரணம்?"

"பழைய பனி யுகத்துல பூமி திடீர் திடீர்னு புரண்டு படுத்துச்சே, அதுக்கு."

"அதுக்கா இந்த வேகாத வெயில்ல வேதாரண்யம் வரைக்கும் பஸ் ஏறி வந்தீங்க?"

"அதுக்குத்தான்."

பொய். சரி, பாதிப் பொய் என்று வைத்துக்கொள்வோம், பாவம் மனுஷன்.

மீதிப் பாதியையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அம்பலவாணன் மாயவரத்தில் பள்ளிக்கூடத்துப் புவியியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பூமியில் எதுவும் மெள்ள மெள்ளத்தான் மாறும் என்று காலமெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர். அவருடைய மனைவி தர்மாம்பாள் ஒரு நாள் மத்தியானம் அவரை விட்டுப் போய்விட்டாள்.

சண்டை ஒன்றும் இல்லை. சாப்பிட்டு முடித்து ஈஸிசேரில் சாய்ந்தவர், "அந்த ஃபேனை இப்படிக் கொஞ்சம் திருப்பு" என்றார். அவள் திருப்பினாள். உள்ளே போனாள். பையோடு வெளியே வந்தாள். திருத்துறைப்பூண்டியில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

போகும்போது ஒன்று சொன்னாள்.

"நான் ஏன் போறேன்னு தெரிஞ்சா வந்து கூப்பிடுங்க. தெரியாம வராதீங்க."

அவர் போனார். ஃபேன்தான் காரணம் என்றார். அவள் கதவைச் சாத்தினாள். மறுபடியும் போனார். சம்பந்தி வீட்டார் முன்னால் அவளை அதட்டியதுதான் காரணம் என்றார். அவள் அழுதாள். அழுதுகொண்டே கதவைச் சாத்தினாள்.

அதற்குப் பிறகு வீட்டில் அடுப்பு எரியவில்லை. வாத்தியாருக்குத் தூக்கம் போயிற்று. அப்போதுதான் எங்கேயோ படித்தார். பனி யுகத்தில் வடக்கே கிரீன்லாந்துப் பக்கம், ஒரு மனுஷ ஆயுசு முடிவதற்குள் குளிர் விலகி வெப்பம் பாய்ந்திருக்கிறது. கொஞ்ச காலம் இருந்திருக்கிறது. பிறகு மறுபடியும் குளிர் வந்து மூடியிருக்கிறது. ஒரு தடவை இரண்டு தடவை இல்லை, திரும்பத் திரும்ப.

அவ்வளவு பெரிய பூமிக்கே இப்படித் திடீரென்று மனசு மாறுகிறதே, அதற்கு என்ன காரணம் என்று தெரிந்தால் இதற்கும் தெரிந்துவிடாதா? நமக்குச் சிரிப்பு வரலாம். தனியாக உட்கார்ந்து ஆறிப்போன ஓட்டல் சோற்றைத் தின்கிறவனுக்கு, பிடித்துக்கொள்ள எந்தக் கயிறும் கயிறுதான்.

குமுதவல்லி வயதில் அவருடைய மாணவியாக இருந்திருக்க வேண்டியவர். பனி நாடுகளில் பல வருஷம் இருந்தவர். பனிப்பாறையைத் துளைத்து நீள நீளத் தண்டுகளாக எடுத்து, அதில் பழைய காலத்துக் குளிரையும் வெயிலையும் படித்தவர். ஒரு கட்டத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அப்பாவின் உப்பளத்துக்கே திரும்பிவிட்டார். கேள்வியோடு யாராவது வந்தால் விரட்டமாட்டார். பதிலும் சொல்லமாட்டார். வேலை கொடுப்பார்.

"ஐயா, அதோ ஓரத்துப் பாத்தி. இன்னையிலேர்ந்து அது உங்களது."

"எனக்கு எதுக்கும்மா பாத்தி?"

"அதுல உப்பு இறங்க ஆரம்பிச்சிருக்கு. நல்லாக் கனத்ததும் வாரிக் கொண்டுவாங்க. எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்."

"பாத்தியில என்ன செய்யணும்?"

"காய விடக்கூடாது. தண்ணி வத்தினா அந்தத் தொட்டியிலேர்ந்து எடுத்து ஊத்துங்க. வெயிலைப் பார்த்துக் கோபப்படாதீங்க. அவ்வளவுதான்."

தொட்டி உப்பளத்தின் அந்தக் கோடியில் இருந்தது. கடல் தண்ணீரை வெயிலில் வைத்து வைத்துச் சுண்டவைத்த உப்புநீர். கையை விட்டால் பிசுபிசுக்கும்.

வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டினார்.

மறுநாள் காலை, குமுதவல்லி நீராகாரம் குடித்துக்கொண்டிருந்தபோது வந்து நின்றார்.

"சூரியனாம்மா?"

"என்னது சூரியன்?"

"அந்தத் திடீர் மாற்றத்துக்குக் காரணம். பூமி சூரியனைச் சுத்துற பாதை மாறுதே."

"அது ரொம்ப நிதானமான ஆளு. ஆயிரக்கணக்கான வருஷம் எடுத்துக்கும். பனி யுகம் வர்றதுக்கும் போறதுக்கும் அது சரி. இப்படி வெடுக்குனு திரும்புறதுக்கு அது பத்தாது."

வாத்தியார் முகம் தொங்கிப்போய்ப் பாத்திக்குத் திரும்பினார்.

வெயில் என்றால் வெயில். மண்டையைப் பிளந்தது. அவருக்கோ காவேரித் தண்ணீரில் ஊறிய உடம்பு. தண்ணீர் வற்றுவதைப் பார்த்தால் பொறுக்காது. குடத்தைத் தூக்கிக்கொண்டு தொட்டிக்கு ஓடினார். உப்புநீர் தளும்பித் தளும்பிக் காலில் வழிந்தது. குதிகால் வெடிப்பில் பட்டபோது உயிர் போயிற்று.

ஆனாலும் பாத்தி வெளுத்துக்கொண்டு வந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கும் முகம் மலர்ந்தது. பெரிய பெரிய கல்லாக உப்பு. ஒன்றை எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டார். சின்னப் பிள்ளை மாதிரி தனக்குத்தானே சிரித்தார்.

அன்று சாயங்காலம் ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"கண்டுபிடிச்சுட்டேம்மா! பனிமலைதான்!"

"உட்காருங்க. மூச்சு வாங்குது பாருங்க."

"இருக்கட்டும். நீங்க கேளுங்க. அட்லாண்டிக் கடல்ல வடக்கே போற தண்ணி உப்பும் குளிரும் சேர்ந்து கனத்துப் போய்க் கீழே முங்குது. முங்கின இடத்துக்குத் தெற்கேயிருந்து வெதுவெதுப்பான தண்ணி வருது. அதான் அந்த நாடுகளுக்குச் சூடு."

"சரி."

"பனிமலைங்க கூட்டம் கூட்டமா உடைஞ்சு கடல்ல மிதந்து வந்து உருகுது. உருகினா நல்ல தண்ணி. கடல் நீர்த்துப் போச்சு. கனம் குறைஞ்சு போச்சு. முங்க மாட்டேங்குது. சூடு வர்ற வழி அடைஞ்சு போச்சு. குளிர் வந்துடுச்சு!"

"ரொம்ப நல்லாச் சொல்றீங்க. பிள்ளைங்க குடுத்துவெச்சவங்க."

"அப்ப அதுதானே காரணம்?"

குமுதவல்லி சொம்பைக் கீழே வைத்தார்.

"பனிமலை உருகினப்ப, அது சுமந்து வந்த கல்லும் மண்ணும் கடலடியில போய் விழுந்திருக்கு. அதைத் தோண்டி எடுத்திருக்காங்க. அந்தக் கல்லுக்கு அடியில இருக்கிற மண்ணை யாராவது பார்க்கணும் இல்லையா?"

"என்ன இருக்கு?"

"அது இன்னும் பழைய மண்ணு. அதுலயே குளிர் தெரியுது. பல தடவை அப்படித்தான் இருந்திருக்கு. பனிமலை வந்து சேர்றதுக்கு முன்னாடியே வீடு குளிர்ந்து கிடக்கு ஐயா."

அம்பலவாணன் இப்போதுதான் உட்கார்ந்தார்.

"அப்ப பனிமலை தப்பே பண்ணலையா?"

"பண்ணுச்சு. இருந்த குளிரை இன்னும் கூட்டுச்சு. ஆனா ஆரம்பிச்சுவெச்சது அது இல்லை."

"பின்னே ஏம்மா எல்லாரும் அதைச் சொல்றாங்க?"

"கண்ணுக்குத் தெரியுதில்ல. பெரிசா இருக்கு. கடைசியா வந்தது. பிடிச்சுக் கட்டிவைக்க வசதி."

வாத்தியாருக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று அவருக்கே தெரியவில்லை. குரல் உயர்ந்தது.

"சரி, குளிர் முன்னாடியே ஆரம்பிச்சிருச்சு. அப்ப மெதுவாத்தானே வந்திருக்கணும்? ஏன் திடீர்னு? இத்தனை நாள் ஒழுங்காத்தானே இருந்தது? எல்லாம் அதது பாட்டுக்கு நடந்துக்கிட்டுத்தானே இருந்தது?"

"கடல் பொறுத்துக்கும். கொஞ்சம் கொஞ்சமா நல்ல தண்ணி சேர்றப்ப வெளியில ஒண்ணும் தெரியாது. ஒரு எல்லை வரைக்கும் பொறுக்கும்."

"பொறுக்க முடியலைன்னா சொல்லணும் இல்லையா? வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லணும் இல்லையா? சொல்லாம கொள்ளாம கிளம்பிட்டா என்ன அர்த்தம்?"

குமுதவல்லி அவரையே பார்த்தார்.

"கடலையா கேக்கறீங்க?"

வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார். எல்லாவற்றையும் சொன்னார். ஃபேன், பை, திருத்துறைப்பூண்டி, இரண்டு தடவை சாத்திய கதவு.

"அவ இல்லாம எனக்கு இருக்கத் தெரியலைம்மா. காரணம் தெரியாம அவகிட்ட போக முடியலை. நான் என்ன பண்ணுவேன்?"

குமுதவல்லி ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை.

"பாத்தியில தண்ணி வத்தியிருக்கும். போய்ப் பாருங்க" என்றார்.

கல்நெஞ்சுக்காரி என்று நினைத்துக்கொண்டே வாத்தியார் எழுந்து போனார்.

அதற்குப் பிறகு அவர் காரணம் கேட்கவில்லை. உப்பு கனத்ததும் குமுதவல்லி சொல்வார், அதைக் கேட்டுக்கொண்டு நேரே திருத்துறைப்பூண்டி போய்விடலாம் என்று அதிலேயே குறியாக இருந்தார். பாத்தியைச் சுற்றிச் சுற்றி வந்தார். காக்கை உட்கார்ந்தால் விரட்டினார். வரப்பில் மண் சரிந்தால் காலால் மிதித்து இறுக்கினார். பக்கத்துப் பாத்திகளைவிடத் தன் பாத்தி வெள்ளை என்று அவருக்கு ஒரு பெருமை. போகிற வருகிறவர்களிடம் எல்லாம் காட்டினார்.

"நாளைக்கு வாரிடலாமாம்மா?"

"வாரலாம்."

வாத்தியாருக்குத் தலைகால் புரியவில்லை. வேட்டியைத் துவைத்துக் காயப்போட்டார். முகத்தை மழித்துக்கொண்டார். போகிற வழியில் அவளுக்குக் கொஞ்சம் பூ வாங்கிக்கொள்ளலாமா, வாங்கினால் அதற்கும் கோபம் வருமா என்று யோசித்தார்.

அன்று மத்தியானமே மேற்கே ஒரு மேகம் கறுத்தது. தூறல் போட்டது. மழை என்று சொன்னால் மழைக்கே அவமானம். காயப்போட்ட வேட்டிகூடச் சரியாக நனையவில்லை. வந்த சுவடு தெரியாமல் போய்விட்டது.

வாத்தியார் பாத்திக்கு ஓடினார்.

உப்பு இல்லை.

அங்கங்கே நாலு கல், மற்றதெல்லாம் கலங்கிய தண்ணீர். அடியில் சேறு தெரிந்தது. அவர் இறங்கிக் கையை விட்டுத் துழாவினார். விரலுக்கிடையில் சேறுதான் வந்தது.

"பாழாப்போன தூறலே!"

வானத்தைப் பார்த்துக் கத்தினார். வெட்கத்தை விட்டு அழுதார். அறுபது வயது மனுஷன் இடுப்பளவுக்குச் சேற்றை அப்பிக்கொண்டு அழுவதைப் பார்க்க முடியவில்லை.

"இன்னும் ஒரு நாள் பொறுத்திருக்கக்கூடாதா? ஒரே ஒரு நாள்! எல்லாத்தையும் கெடுத்துட்டுப் போயிடுச்சே!"

குமுதவல்லி வரப்பின் மேல் வந்து நின்றார்.

"எது?"

"தூறல்தாம்மா! கண்ணால பார்த்தீங்கல்ல?"

"பார்த்தேன். அந்தப் பக்கத்துப் பாத்தியைப் பாருங்க."

பார்த்தார்.

பக்கத்துப் பாத்தியில் உப்பு பாளம் பாளமாக அப்படியே கிடந்தது. மேலே லேசாக ஈரம். அதற்கு அடுத்த பாத்தியிலும் அப்படித்தான்.

"அங்கே தூறல் போடலையா ஐயா?"

வாத்தியார் தன் பாத்தியையும் அந்தப் பாத்திகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பாத்தியில என்ன ஊத்தினீங்க?"

"தொட்டித் தண்ணிதாம்மா. நீங்க சொன்ன மாதிரிதான்."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லை."

குமுதவல்லி கிணற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"கடைசியா ஒரு குடம் மட்டும்…" வாத்தியார் இழுத்தார். "கிணறு பக்கத்துலயே இருக்கு. தொட்டிக்கு மறுபடி நடக்கணும், கால் எரியுது. பாத்தியில ஏற்கனவே அவ்வளவு உப்பு இருக்கே, ஒரு குடம் நல்ல தண்ணியால என்ன ஆகிடப் போகுதுன்னு… ஒரே ஒரு குடம்மா. அதுக்கு மேல இல்லை. சத்தியமா."

"எப்ப ஊத்தினீங்க?"

"தினமும்."

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவர் காதில் விழுந்தது.

வரப்பில் உட்கார்ந்தார். கை கால் எல்லாம் சேறு. வெயில் மறுபடியும் அடிக்க ஆரம்பித்திருந்தது.

"மேல பார்க்க வெள்ளையாத்தானேம்மா இருந்தது? இன்னைக்குக் காலையிலகூட."

"வெள்ளையாத்தான் இருந்தது. அடியில கரைஞ்சுக்கிட்டு இருந்தது."

"கெட்டதா ஒண்ணும் ஊத்தலையே. நல்ல தண்ணிதானே ஊத்தினேன்."

"நல்ல தண்ணிதான்."

அதைக் குமுதவல்லி மறுக்கவே இல்லை. அதுதான் வாத்தியாரை என்னவோ செய்தது. தர்மாம்பாளை அவர் கைநீட்டி அடித்ததில்லை. ஒரு குறையும் வைத்ததில்லை. ஊரில் அவரைப்போல ஒரு நல்ல மனுஷன் உண்டா என்றுதான் பேச்சு. அவள் ஏதாவது சொல்ல வந்து பாதியில் நிறுத்திக்கொண்டு அடுக்களைக்குத் திரும்பிப் போனது எத்தனையோ தடவை. என்ன சொல்ல வந்தாள் என்று அவர் ஒரு தடவையாவது கேட்டிருக்கிறாரா? யோசித்துப் பார்த்தார். நினைவு வரவில்லை.

"எந்தக் குடத்துலம்மா கரைய ஆரம்பிச்சது?"

"ஊத்தினது நீங்க. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியலையே."

"பாத்திக்குத் தெரிஞ்சிருக்கும்."

வாத்தியார் நிமிர்ந்து பார்த்தார். குமுதவல்லி குனிந்து வரப்பிலிருந்த ஒரு மண்கட்டியை உதிர்த்துக்கொண்டிருந்தார்.

"இனிமே நல்ல தண்ணி ஊத்தாம இருந்தா உப்பு திரும்பிடுமா?"

"ஊத்துறதை நிறுத்தினா மட்டும் பத்தாது. இதுவரைக்கும் ஊத்தினது அங்கேயேதானே நிக்குது? அது வெளியே போகணும். அப்புறம் தொட்டித் தண்ணி, அப்புறம் வெயில். போன வேகத்துல வராது."

"எத்தனை நாள் ஆகும்?"

"அதை என்கிட்ட கேக்காதீங்க."

"கடலுக்கும் அப்படித்தானா?"

"கடலுக்கு வீம்பு இன்னும் ஜாஸ்தி. நல்ல தண்ணி வந்து சேர்றது நின்ன பிறகும் சுலபத்துல இறங்கி வராது. ரொம்ப காலம் அப்படியே கிடக்கும்."



"ஆனா வெப்பம் திரும்பி வந்ததே. ஒவ்வொரு தடவையும் வந்ததே. அது எப்படி?"

"அதுக்கு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. சண்டை இன்னும் ஓயலை. ஒரு கட்சி என்ன சொல்லுதுன்னா, மேலே பனி மூடிக் கிடந்தப்ப, அடியில கடல் சூட்டைச் சேர்த்து வெச்சுக்கிட்டே இருந்ததாம்."

"மூடிக் கிடந்தப்பவா?"

"மூடிக் கிடந்தப்பதான்."

அம்பலவாணன் எழுந்தார். பாத்தி வரப்பை ஓரிடத்தில் கையாலேயே வெட்டிவிட்டார். கலங்கிய தண்ணீர் சளசளவென்று வடிகாலுக்கு ஓடியது. முழுவதும் வடிகிற வரை நின்று பார்த்தார். கையைக் கழுவினார். பையை எடுத்துக்கொண்டார்.

"உப்பு வாரலையே ஐயா. நான் இன்னும் ஒண்ணும் சொல்லலையே" என்றார் குமுதவல்லி.

"வேண்டாம்மா" என்றார் வாத்தியார். கும்பிட்டுவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

திருத்துறைப்பூண்டியில் இறங்கியபோது வெயில் சாய்ந்திருந்தது. வேட்டியில் சேறு காய்ந்து வெடித்திருந்தது. தங்கை வீட்டுக் கதவைத் தட்டினார். தர்மாம்பாள்தான் திறந்தாள். இளைத்திருந்தாள். அவர் இருந்த கோலத்தைப் பார்த்து ஒரு கணம் பதறினாள். பிறகு முகத்தை இறுக்கிக்கொண்டாள்.

"காரணம் தெரிஞ்சுதா?"

"தெரியலை."

"அப்புறம் எதுக்கு வந்தீங்க?"

"எனக்குத் தெரியாதுன்னு இப்பத்தான் தெரிஞ்சுது தர்மா. உனக்குத்தான் தெரியும். நீ சொல்லு. நான் கேக்கறேன்."

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாத்தவும் இல்லை, விலகவும் இல்லை.

"குறுக்கே பேசுவீங்க."

"பேசமாட்டேன்."

"நியாயம் சொல்லுவீங்க."

"சொல்லமாட்டேன்."

"சீக்கிரத்துல முடியாது."

"முடிய வேண்டாம்."

தர்மாம்பாள் உள்ளே போனாள். ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வாசற்படிக்கு வெளியே போட்டாள். அவர் உட்கார்ந்தார். அவள் படிக்கு உள்ளே, தரையில் காலை மடித்து உட்கார்ந்துகொண்டாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"நம்ம கல்யாணத்துக்கு மறுநாள் காலையில…" என்று ஆரம்பித்தாள்.